விளங்காமல் போய்வந்த துனீசியா

பென்சன் எடுத்த பிறகு நானும் என் புருசனும் போன ஒரே வெளிநாட்டுப் பயணம் துனீசியாவுக்குத்தான். யாழ்ப்பாணத்து நல்லூரில் எங்கள் ஒழுங்கைத் தெருவுக்குள் இருக்கிறவர்கள் மகன் வீட்டுக்குக் கனடா போவார்கள், மகள் வீட்டுக்கு லண்டன் போவார்கள், கோயில் பார்க்க இந்தியா போவார்கள். விடுமுறைக்கு என்று ஆபிரிக்காவின் வடக்குக் கரைக்குப் போனவர்கள் எனக்குத் தெரிய வேறு யாரும் இல்லை. ஏன் அந்த நாட்டுக்குப் போனீர்கள் என்று இன்றைக்கும் ஆட்கள் கேட்கிறார்கள். போகும்போது எங்களுக்கும் அது தெரியாது.

நான் கணிதம் படிப்பித்தவள். இவர் தொலைபேசிக் கந்தோரில் வேலை செய்தவர். எங்களுக்கு ஒரே பிள்ளை. பாரிசில் ஒரு ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை. அவளைப் பார்க்கப் போக விசா கேட்டு இரண்டு தரம் மறுத்துவிட்டார்கள். மூன்றாம் தரம் கேட்க இவருக்கு மனமில்லை. "வேண்டாம் எண்டு சொல்லுறவன்ரை படலையிலை போய் நிக்கேலாது" என்று சொல்லிவிட்டார்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் மகள் போனில் சொன்னாள்: "அம்மா, நீங்கள் இரண்டு பேரும் துனீசியாவுக்கு வாங்கோ. நானும் வாறன். எல்லாரும் ஒரு கிழமை நிண்டிட்டு வருவம்."

இவர் பக்கத்திலிருந்து எட்டிக் கேட்டார். "ஏன் பிள்ளை, திருச்சிக்கு வாவன். வெளிநாட்டுப் பிள்ளையளைப் பெத்தவை எல்லாரும் அங்கைதானே சந்திக்கிறவை."

"இஞ்சையிருந்து அது கிட்ட அப்பா. நல்ல கடல். என்னோடை வேலை செய்யிற ஒரு ஆளின்ரை அப்பா அம்மா அந்த ஊரிலைதான் இருக்கினம். விசாவுக்கு அவை அழைப்பு அனுப்புவினம். எயர்போட்டுக்கும் வருவினம்."

ஆள் என்றுதான் சொன்னாள். எங்கள் தமிழில் ஆள் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். நான் என் பாட்டில் ஒரு பெண்பிள்ளையை நினைத்துக்கொண்டேன். கட்டையாக வெட்டிய தலைமயிர், கண்ணாடி என்று ஒரு உருவம்கூட மனதில் வந்துவிட்டது.

விசா வந்தது. போவதற்கு முதல் தொண்டைமானாற்றுக்குப் போய் சந்நிதி முருகன் கோயிலில் அருச்சனை செய்தோம். அந்த முன்பின் தெரியாத தாய் தகப்பனுக்குக் கொடுக்க பருத்தித்துறை வடையும் பனங்கட்டியும் வாங்கினேன். புறப்படுகிற கிழமையில் மகள் மறுபடி எடுத்தாள். வேலையில் லீவு பிந்துகிறதாம், தான் வர மூன்று நாலு நாள் செல்லுமாம், அதுவரைக்கும் அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். "நல்ல சனம் அம்மா. பயப்பிடாதேங்கோ" என்றாள். பயம் என்று நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

துனிஸ் எயர்போட்டில் ஒரு வயதான ஆளும் மனைவியும் ஒரு மட்டையில் எங்கள் பெயரை எழுத்துப் பிழையோடு பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் மெலிந்த, நெடுத்த ஆள். கோட் போட்டிருந்தார். அந்த அம்மா தலையைச் சுற்றி ஒரு லேஞ்சி கட்டியிருந்தா. என்னைக் கண்டதும் இரண்டு தோளையும் பிடித்து இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று என்று கொஞ்சினா. நான் மரம் மாதிரி நின்றேன். என் வயதில் ஒரு அந்நியப் பெண் என்னைக் கொஞ்சியது அதுதான் முதல் தரம். அவர் நெஞ்சில் கைவைத்து இவரைப் பார்த்து, "லாபாஸ்? லாபாஸ்?" என்று கேட்டார்.

இவர் என் பக்கம் திரும்பி, "லாபமோ எண்டு கேக்கிறார். நாங்கள் வியாபாரத்துக்கு வந்தனாங்கள் எண்டு நினைக்கிறாரோ?" என்றார்.

சுகமாக இருக்கிறீர்களா என்பதற்கு அவர்கள் சொல்கிற சொல் அது என்று இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது. அதுவரைக்கும் யார் அப்படிக் கேட்டாலும் இவர், "நோ பிஸ்னஸ், ஹொலிடே" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்களின் பழைய காரில் தெற்கே நெடுந்தூரம் போனோம். இரண்டு பக்கமும் ஒலிவ் மரத் தோட்டம், கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் நேர் நேராக. எங்கள் பக்கத்துச் செம்மண் மாதிரித்தான் மண். அவர் ஓட்டினார், இவர் முன் சீட்டில். பின்னால் அந்த அம்மா தோடம்பழம் ஒவ்வொன்றாக உரித்து என் கையில் வைத்துக்கொண்டே வந்தா. போதும் என்று சொல்ல எனக்குச் சொல் இல்லாததால் எல்லாவற்றையும் சாப்பிட்டேன். அவர்களுக்குப் பிரெஞ்சும் அரபும். எங்களுக்குத் தமிழும் கொஞ்ச இங்கிலீசும். அவருக்கு மட்டும் இங்கிலீசில் சில சொற்கள் தெரியும். அந்தச் சில சொற்களும் இவருக்குத் தெரிந்த சொற்களும் எப்போதாவதுதான் சந்தித்துக்கொண்டன.

எங்களை விட்ட இடம் மஹ்தியா என்ற கடலோர ஊர். மகள் ஒழுங்கு செய்திருந்த சின்ன ஹோட்டலில் தங்கினோம். சீசன் முடிந்த நேரம். வெள்ளைக்காரக் கிழவர்கள் சிலர் கம்பளியைப் போர்த்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நாங்களும் அப்படி இருக்கப் போகிறோம் என்று நினைத்தேன். ஆனால் மறுநாள் காலையே காரோடு அவர்கள் இரண்டு பேரும் வந்து வாசலில் நின்றார்கள். அதற்கு அடுத்த நாளும் வந்தார்கள்.

சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மீன் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே இவர் ஆளே மாறிவிட்டார். இவர் பிறந்து வளர்ந்தது வல்வெட்டித்துறை. தகப்பன், தகப்பனின் தகப்பன் எல்லாரும் கடலோடிகள். நீலச் சாயம் பூசிய வள்ளங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, பலகை எப்படிப் பொருத்தியிருக்கிறது என்று குனிந்து பார்த்து, அந்த ஊர் மீன்காரர்களோடு கையாலேயே கதைத்தார். முனையில் கடலுக்கு நேரே இறங்குகிற வெள்ளைக் கல்லறைகளுக்குள்ளால் எங்களை நடத்திக்கொண்டு போனார்கள். ஒரு கல்லறைக்குப் பக்கத்தில் அந்த அம்மா நின்று கையை விரித்துப் பிரார்த்தித்தா. தாயோ, சகோதரமோ தெரியாது. நானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். அவ என் செருப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டா.

பின்னேரம் ஹோட்டல் வாசலில் எங்களை இறக்கிவிட்டுப் போன பிறகு நான் இவரிடம் கேட்டேன்: "இஞ்சாருங்கோ, இவை ஏன் எங்களுக்கு இவ்வளவு செய்யினம்?"

"ஊர்ப் பழக்கமாயிருக்கும். உவை விருந்தாளியளை உப்பிடித்தான் பாப்பினம் போலை."

"மகளோடை வேலை செய்யிற பிள்ளையின்ரை தாய் தேப்பன். அதுக்காக ஒவ்வொரு நாளும் வருவினமோ? எங்கடை வீட்டுக்கு உப்பிடி ஆரும் வந்தால் நாங்கள் செய்வமோ?"

இவர் யோசித்தார். "ஒரு நாள் செய்வம். நல்லூரைக் காட்டுவம், கீரிமலையைக் காட்டுவம். பிறகு ஓட்டோ பிடிச்சுக் குடுப்பம்."

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் என்ன சரியில்லை என்று சொல்லவும் தெரியவில்லை.

மறுநாள் தேநீர்க் கடையில் இருந்தபோது இவர் போனில் மொழிபெயர்க்கிற ஒன்றைக் கண்டுபிடித்தார். அவர்கள் பிரெஞ்சில் கதைத்தால் அது தமிழில் சொல்லும். தொலைபேசிக் கந்தோரில் வேலை செய்தவர் என்றபடியால் இவருக்கு அதில் ஒரு பெருமை. போனை மேசை நடுவில் வைத்தார். அந்த அம்மா குனிந்து மெதுவாக ஏதோ சொன்னா. போன் ஒரு செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில், "என் மகன் இந்த வாரம் விழுந்துவிடுவான்" என்றது.

நான் திடுக்கிட்டுப்போனேன். அவ சிரித்துக்கொண்டு இருந்தா. துக்கத்தை மறைக்கிறா என்று நினைத்து அவவின் கையைத் தடவி, "கடவுள் பாப்பார்" என்றேன். அதைப் போன் பிரெஞ்சில் எப்படிச் சொன்னதோ, அவவின் முகம் மாறிவிட்டது. புருசனைப் பார்த்தா. அவர் இவரைப் பார்த்தார். எல்லாரும் கொஞ்ச நேரம் ஒருவருக்கொருவர் அனுதாபத்தோடு தலையை ஆட்டிக்கொண்டு இருந்தோம். மகன் விமானத்தில் வந்து இறங்கப் போகிறான் என்பதைத்தான் சொல்லியிருக்கிறா என்று அவர் இரண்டு கையையும் செட்டை மாதிரி விரித்துக் காட்டியபோதுதான் விளங்கியது. நாங்கள் சிரித்தோம்.

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மகன்.

நான் மனதில் வைத்திருந்த கண்ணாடி போட்ட பிள்ளை அந்த இடத்திலேயே காணாமல் போனாள். அதற்காக நான் பெரிதாக ஒன்றும் நினைத்துவிடவில்லை. வேலை செய்கிற இடத்தில் ஆம்பிளைப் பிள்ளைகளும் இருப்பார்கள்தானே. இவரிடம் சொன்னேன். "ஓ, மகனோ?" என்றார், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை தங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரச்சொன்னார்கள். வெள்ளைச் சுவரும் நீலக் கதவும் உள்ள வீடு. நடுவில் முற்றம், அதில் ஒரு எலுமிச்சை மரம். குசினியில் இரண்டு தட்டுப் பானையில் கீழே குழம்பு கொதிக்க மேலே ரவை அவிந்துகொண்டிருந்தது. எங்கள் புட்டுப்பானைதான், வேறு பேரில். நான் நெருங்கிப் பார்க்க அவவுக்குச் சந்தோசம். மூடியைத் திறந்து காட்டினா. குழம்பில் பெரிய பெரிய ஆட்டிறைச்சித் துண்டுகள்.

வெள்ளிக்கிழமை நாங்கள் மச்சம் மாமிசம் சாப்பிடுவதில்லை. அவர்களுக்கோ வெள்ளிக்கிழமைதான் பெரிய சாப்பாடு. போனில் சொல்லிப் பார்த்தோம். இன்றைக்குக் கடவுளுக்காக இறைச்சி சாப்பிடமாட்டோம் என்று இவர் சொன்னதை அது எப்படித் திருப்பிச் சொன்னதோ, அவர் எழுந்து போய் ஒரு மருந்துப் போத்தலைக் கொண்டுவந்து இவருக்கு முன்னால் வைத்தார். கடைசியில் அவ கடலையையும் பூசணிக்காயையும் கரட்டையும் வேறாக அள்ளி, ரவையின் மேல் போட்டு எங்களுக்குத் தந்தா. இறைச்சியோடு அவிந்த குழம்புதானே அதுவும். இவர் என்னைப் பார்த்தார். நான் சந்நிதி முருகனை நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன். உறைப்பாக ஒரு மிளகாய்க் கூட்டு வைத்திருந்தா. அது நல்ல ருசி.

சாப்பிட்ட பிறகு அவ தன் போனை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தா. மகனின் படங்கள். சின்ன வயதில் கடற்கரையில், பள்ளிக்கூட உடுப்பில், பட்டம் பெறுகிறபோது. நல்ல வடிவான பெடியன்தான், தகப்பனைப் போல நெடுவல். பிறகு ஒரு குசினிப் படம். அவன் பெனியனோடு நின்று ஒரு சட்டியில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தான். சமைப்பான் என்று கையால் காட்டி அவ பெருமைப்பட்டா.

நான் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் இருந்த யன்னலைப் பார்த்தேன். அதில் தொங்கிய திரை என்னுடைய சீலை.

கத்தரிப்பூ நிறத்தில் மாம்பழ மஞ்சள் கரை போட்ட கைத்தறிச் சீலை. நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஓய்வு பெற்ற நாளில் உடுத்தது. மகள் நல்லூருக்கு வந்தபோது, "அம்மா, இதை எனக்குத் தாங்கோ" என்று ஆசைப்பட்டுக் கேட்டாள். உடுப்பாள் என்று நினைத்துக் கொடுத்தேன். அதை இரண்டாக வெட்டி, மேலே கம்பி கோத்து, குசினி யன்னலில் போட்டிருந்தாள்.

அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது கோபம். அவனைப் பற்றி இல்லை, சீலையைப் பற்றி. என்ரை சீலையை வெட்டிப்போட்டாளே என்றுதான் நினைத்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மற்றது வந்தது. அது மகளின் குசினி. பெனியனோடு நின்று சமைக்கிறவன் விருந்துக்கு வந்தவன் இல்லை.

இவர் எதிர்க் கதிரையில் தோடம்பழம் தின்றுகொண்டிருந்தார். நான் முகத்தை மாற்றாமல் தமிழில் சொன்னேன்: "இஞ்சாருங்கோ, சத்தம் போடாமல் கேளுங்கோ. இந்தப் பெடியன் எங்கடை பிள்ளையோடை இருக்கிறான்."

"ஓம், ஒண்டா வேலை செய்யினமெண்டு சொன்னவள்தானே."

"வேலையில்லை. வீட்டிலை. ஒரே வீட்டிலை."

இவர் தோடம்பழத்தைக் கோப்பையில் வைத்தார். "நல்லாப் பாத்தனீரோ?"

"என்ரை சீலை யன்னலிலை தொங்குது. அதைவிட என்னத்தைப் பாக்கிறது?"

"அப்ப இவைக்குத் தெரியுமோ?"

அதுதான் கேள்வி. இவர்கள் தெரிந்துகொண்டுதான் இவ்வளவு நாளும் எங்களை உபசரித்தார்களா? கன்னத்தில் கொஞ்சியது, தோடம்பழம் உரித்துத் தந்தது, கல்லறையைக் காட்டியது எல்லாம் சம்பந்திகளுக்கா? அப்படியானால் நாங்கள் மட்டும்தான் மடையர்களா? அவவின் முகத்தைப் பார்த்தேன். அவ எங்கள் குரலில் எதையோ உணர்ந்து, என்ன என்று கேட்கிற மாதிரி இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தா. அந்த முகத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை.

என்னுடைய போனை எடுத்தேன். ஓய்வு பெற்ற நாளில் பள்ளிக்கூட வாசலில் மாலையோடு நிற்கிற படத்தைத் தேடி எடுத்து, அவவின் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். என் சீலையைத் தொட்டேன், பிறகு யன்னலைத் தொட்டேன். "மை டோட்டர்" என்றேன்.

அவ முதலில் சிரித்தா. பிறகு இரண்டு போனையும் கையில் எடுத்து, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தா. வெகு நேரம் பார்த்தா. பிறகு புருசனைக் கூப்பிட்டு ஒரு சொல் சொன்னா. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடியும் கழற்றினார்.

அவர்களுக்கும் தெரியாது.

பிரான்சுக்கு விசா கிடைக்காத ஒரு தாய் தகப்பன் வருகிறார்கள், பாவங்கள், அன்பாகப் பாருங்கள் என்று மகன் சொல்லியிருக்கிறான். அதை நம்பித்தான் ஒவ்வொரு நாளும் காரை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். இதைப் போனில் கேட்டுக் கேட்டு அறிய வெகு நேரம் எடுத்தது. நடுவில் ஒரு தரம் அது, "நாங்கள் இருவரும் ஒரே சாக்கில் போடப்பட்டோம்" என்றது. அது பிழையான மொழிபெயர்ப்பா, சரியானதா என்று யாருக்கும் தெரியவில்லை.

அவர் எழுந்து முற்றத்துக்குப் போய், எலுமிச்சை மரத்துக்குத் தண்ணீர் விடத் தொடங்கினார். இவரும் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார். அவ பாத்திரங்களை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போக நானும் பின்னால் போனேன். அவ கழுவினா, நான் துடைத்தேன். திடீரென்று அவவின் தோள் குலுங்கியது. அழுகிறாவா சிரிக்கிறாவா என்று பின்னால் நின்ற எனக்குத் தெரியவில்லை. திரும்பியபோது இரண்டும் இருந்தது. நான் என்ன செய்தேன் என்பது எனக்கு வடிவாக நினைவில் இல்லை. துடைக்கிற துணியை அவவிடம் கொடுத்தேன் என்று நினைக்கிறேன். அவ அதில் முகத்தைத் துடைத்துவிட்டு, அதே துணியைத் திருப்பி என்னிடமே தந்தா.

அன்றைக்குப் பின்னேரம் ஹோட்டல் கடற்கரையில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். கடல் நீலமாக, அலையில்லாமல் கிடந்தது.

"அவர் கஸ்டம்சிலை வேலை செய்து ஓய்வு பெற்றவராம்" என்றார் இவர்.

"இப்ப அதுதானோ முக்கியம்?"

"இல்லை, சொல்லுறன். எங்கடை அப்பு உயிரோடை இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? கஸ்டம்ஸ்காரனுக்குத் தப்பிச் சாமான் ஏத்தின வல்வெட்டித்துறையான் வீட்டுக்குக் கஸ்டம்சிலை இருந்து சம்பந்தம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சிரித்தால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயம்.

"வேறை சமயம். வேறை பாசை. எங்கடை ஆக்களுக்கு என்னெண்டு சொல்லுறது?" என்றேன்.

இவர் செருப்பிலிருந்த மணலைத் தட்டினார். "எங்கடை கலியாணத்துக்கும் இதைத்தானே கேட்டவை."

அது உண்மை. நான் வலிகாமத்தில் தோட்டம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. இவர் கடற்கரை ஊர், வேறு சாதி. எங்கள் வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை. கலியாணத்துக்கு அம்மா வரவில்லை. கடைசி வரைக்கும் இவரின் வீட்டில் அவ தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

"நாங்கள் செய்தது வேறை, இது வேறை" என்றேன்.

"என்ன வேறை?"

வேறு என்று நிச்சயமாகத் தெரிந்தது, எப்படி என்றுதான் தெரியவில்லை. கணிதம் படிப்பித்த காலத்தில் பிள்ளைகள் விடையை மட்டும் எழுதிவிட்டு வழியைக் காட்டாவிட்டால் நான் புள்ளி போடுவதில்லை. இவர் என்னைப் பார்க்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காமல் விட்டது நல்லது.

மகளும் அவனும் அடுத்த நாள் வந்தார்கள். நாலு கிழடுகளும் ஒரு வரிசையாக எயர்போட்டில் நின்றோம். கதவைத் திறந்துகொண்டு வந்தவள் எங்கள் முகங்களைக் கண்டாள், தள்ளுவண்டியை அப்படியே நிறுத்தினாள். பின்னால் வந்த ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள்.

"அம்மா" என்றாள்.

"எப்ப சொல்லுறதா இருந்தனி?" என்று கேட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை. முதல் நீங்கள் நாலு பேரும் பழகினாப் பிறகு சொல்லுவமெண்டு."

அதற்கு என்ன சொல்வது? பழகித்தான் இருந்தோம். அதுதானே கரைச்சல். முன்பே சொல்லியிருந்தால் நான் மாட்டேன் என்று நாட்டிலேயே நின்றிருப்பேன். இப்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா.

அவன் முன்னுக்கு வந்து கைகூப்பி, "வணக்கம் மாமி. சுகமா இருக்கிறியளோ? பயணம் களைப்போ?" என்றான். அசல் யாழ்ப்பாணத்துத் தமிழ், மகளின் இழுவையோடு. அந்த முகத்திலிருந்து அந்தப் பேச்சு வர நான் நிலைகுலைந்து, "யெஸ், வெரி குட்" என்று இங்கிலீசில் பதில் சொன்னேன். இவர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

பின்னேரம் அவர்கள் வீட்டு முற்றத்தில் எல்லாரும் இருந்தோம். எங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் மொழிபெயர்க்க இரண்டு பேர்தான், மகளும் அவனும். அவனுடைய தமிழ் சுகம் விசாரிப்பதோடு முடிந்துவிடும். ஆகவே எல்லாம் மகளின் வாயால்தான் போய்வர வேண்டும். தகப்பன் வெகு நேரம் கதைத்தார். குரல் ஏறியது, இறங்கியது, ஒரு இடத்தில் உடைந்தது. மகனைக் காட்டி ஏதோ சொன்னார், வானத்தைக் காட்டி ஏதோ சொன்னார். அந்த அம்மா நடுவில் ஒரு சொல் சொல்ல, கையால் தடுத்தார்.

மகள் எங்களிடம் திரும்பி, "உங்களைச் சந்திச்சது சந்தோசமாம்" என்றாள்.

"அவ்வளவுதானோ?" என்றார் இவர்.

"கிட்டத்தட்ட அவ்வளவுதான் அப்பா."

இவர் நிமிர்ந்து இருந்தார். "சரி. நீ நான் சொல்லுறதைச் சொல்லு. பெத்தவையை ஏமாத்தி ஒரு இடத்துக்குக் கூப்பிட்டது எனக்கு மனவருத்தம். அவருக்கும் இருக்குமெண்டு நினைக்கிறன். மற்றதெல்லாம் எனக்கு யோசிக்க நேரம் வேணும்."

மகள் பிரெஞ்சில் சொன்னாள். அவள் சொல்லி முடித்ததும் தகப்பன் எழுந்து வந்து, இவரைக் கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். மனவருத்தம் என்று சொன்னதற்கு ஒரு மனுசன் அப்படிச் செய்வானா? அவள் எதை விட்டாள், எதைச் சேர்த்தாள் என்று எனக்கு இன்றும் தெரியாது. கேட்டால், "நான் உள்ளதைத்தான் சொன்னனான் அம்மா" என்கிறாள்.

மிச்ச நாட்கள் எப்படிப் போயின என்று கேட்டால், ஒரு விதமாகப் போயின. சண்டை வரவில்லை. சம்மதம் என்றும் யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் அவனோடு கடற்கரையில் நடந்தேன். மூச்சு வாங்குகிறதோ என்று பார்த்துப் பார்த்து மெதுவாக நடந்தான். இன்னொரு நாள் மகளை இழுத்துவைத்து, சமயம் மாறச் சொல்லுவார்களோ என்று கேட்டேன். இல்லை என்றாள். பிள்ளை பிறந்தால் என்ன பேர், என்ன சமயம் என்று கேட்டேன். தெரியாது என்றாள். இரண்டாவது பதிலைத்தான் நான் நம்பினேன். சீலையைப் பற்றியும் கேட்டேன். "காலமை எழும்பி வர உங்களைப் பாக்கிற மாதிரி இருக்கும் அம்மா" என்றாள். அது உண்மையா, அந்த நேரத்துக்குச் சொன்ன பதிலா?

பிரியும்போது அந்த அம்மா ஒரு போத்தல் ஒலிவ் எண்ணெயும், அந்த மிளகாய்க் கூட்டும் கட்டித் தந்தா. பருத்தித்துறை வடை அவவுக்கு நன்றாகப் பிடித்திருந்தது என்று மகள் சொன்னாள். அதையாவது மாற்றாமல் சொன்னாளோ என்னவோ.

வீட்டுக்கு வந்த பிறகு ஒழுங்கைக்காரர்கள் கேட்டபோது, நல்ல கடல், நல்ல தோடம்பழம் என்று சொன்னேன். அடுத்த வருசம் பாரிசில் நகர மண்டபத்தில் அவர்கள் பதிவுத் திருமணம் செய்தார்கள். எங்களுக்கு விசா கேட்கவும் இல்லை, தரவும் இல்லை. போனில்தான் பார்த்தோம். மகள் கையெழுத்துப் போடக் குனியும்போது படம் நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். சந்தோசமா, கவலையா என்று எனக்குள்ளே தேடிப் பார்த்தேன். இரண்டும் பிடிபடவில்லை. இவர் போய்க் கிணற்று மோட்டரைக் கழற்றித் துப்புரவு செய்துகொண்டிருந்தார். அது பழுதாகியிருக்கவில்லை.

அந்த அம்மா இப்போதும் வீடியோவில் எடுக்கிறா. மொழிபெயர்க்கிறதை நாங்கள் விட்டுவிட்டோம். அவ தன்னுடைய பாசையில் ஏதோ சொல்லுவா, நான் தமிழில் ஏதோ சொல்லுவேன். வாழைக்குலையைக் காட்டுவேன். அவ மீனைக் காட்டுவா. என்ன கதைத்தோம் என்று இவர் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

போன கிழமை மகள் திடீரென்று கேட்டாள்: "அம்மா, உண்மையாச் சொல்லுங்கோ. உங்களுக்கு அவரைப் பிடிச்சிருக்கோ?"

"தெரியேல்லை பிள்ளை" என்றேன். "அவரின்ரை தாயைப் பிடிச்சிருக்கு."

பிறகு, இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டாள். முருங்கைக்காயும் சொதியும் என்றேன்.